கரும்பு வெட்டக் கர்ப்பப்பை கூலி

மேலாண்மைப் படிப்பு படித்தவர்கள் எல்லாரும் ஒருமுறை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்குப் போய், அங்கிருக்கும் கரும்பு மேஸ்திரிகளின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வரவேண்டும். ஆளைக் கூட்டாமல், கூலியை ஏற்றாமல், ஒரு மிஷின்கூட வாங்காமல் வேலையைப் பெருக்கும் வித்தையை எந்த ஐ.ஐ.எம்.மும் கண்டுபிடிக்கவில்லை. அந்த மேஸ்திரிகளின் உலகம் கண்டுபிடித்தது. வேலைக்காரியின் உடம்பில் வேலைக்கு உதவாத உறுப்பு எது என்று பார்த்தார்கள். கர்ப்பப்பை என்று தெரிந்தது. எடுத்தாகிவிட்டது.

கணக்கு ரொம்ப எளிது. பீட் இருக்கும், மழை பொய்த்த மராத்வாடா வட்டாரத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் தீபாவளியை ஒட்டி லட்சக்கணக்கானவர்கள் கரும்பு வெட்டக் கிளம்புகிறார்கள். மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகிறார்கள். காணி நிலம் இல்லாதவர்கள், தலித்துகள், நாடோடிச் சமூகத்தார். ஐந்தாறு மாதம் வயலோரம் தார்ப்பாய்க் கூடாரத்தில் வாசம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு 'கொய்தா', அதாவது ஓர் அரிவாள். அட்வான்ஸ் தருவது அரிவாளுக்கு. டன் கணக்கில் கூலி போடுவதும் அரிவாளுக்கு. பேரேட்டில் அந்தப் பெண்ணுக்குத் தனிப் பெயர் கிடையாது, தனிக் கூலி கிடையாது. அபராதம் மட்டும் உண்டு. ஒரு நாள் வராவிட்டால் 500 ரூபாய் பிடித்தம்.

மாதவிலக்கு என்பது மேஸ்திரியின் கணக்கில் லீவு. மாதத்துக்கு மூன்று நாள், ஆறு மாதம், நாளுக்கு ஐந்நூறு. மொத்தம் 9,000 ரூபாய். வாங்கின அட்வான்ஸ் கழியவே சீசன் முழுக்கப் போதாத வீட்டில் இந்த ஒன்பதாயிரம் ஒரு சின்ன மலை. அதற்கு மேல் விடியுமுன் எழுந்து கட்டுக்கட்டாகக் கரும்பைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்ற வேண்டும். சுற்றிலும் கக்கூஸ் கிடையாது, குளிக்க மறைப்பு கிடையாது, துணி அலசத் தண்ணீர் கிடையாது. அந்தத் துணியால் வரும் புண், அரிப்பு, வெள்ளைப்படுதல் எல்லாம் அவள் பாடு. இவற்றில் எதைச் சரிசெய்தாலும் காசு செலவு. கக்கூஸ் கட்டினால் ஆலைக்குச் செலவு. லீவு கொடுத்தால் மேஸ்திரிக்கு நஷ்டம். கர்ப்பப்பையை எடுத்தால்? செலவு அவளுடையது. மேஸ்திரியே கடன் கொடுப்பார், கூலியில் பிடித்துக்கொள்வார். முதலாளி ஒரு பைசா போடாத முதலீடு இது.

பழமொழி சொன்ன முன்னோர்கள் 'கரும்பு தின்னக் கூலியா' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வெட்டுகிறவளுக்கு என்ன கூலி என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

மருத்துவர் வீட்டுப் பங்கு

மேஸ்திரி ஒருவரால் மட்டும் இந்தக் காரியம் ஆகாது. வெள்ளைக் கோட்டும் வேண்டும். வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி போகிறாள். பதினாறில் கல்யாணம், இருபத்திரண்டுக்குள் மூன்று பிள்ளை, அப்புறம் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன். இப்படியொரு வாழ்க்கை அங்கே யாருக்கும் அதிசயமில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு வாரத்து மாத்திரையும் சுத்தமான தண்ணீரும். ஆனால் மாத்திரையில் டாக்டருக்கு என்ன லாபம்? ஸ்கேன் எடுக்கிறார்கள். திரையில் கறுப்பு வெள்ளையாக ஏதோ தெரிகிறது. அதில் எது என்ன என்று அவளுக்குத் தெரியாது என்பது டாக்டருக்குத் தெரியும். விரலை வைத்து ஒரே சொல் சொன்னால் போதும்: கேன்சர். 'ஆகிவிட்டது' என்றுகூடச் சொல்ல வேண்டாம், 'ஆகலாம்' என்றால் போதும். மூன்று பிள்ளைகளின் முகம் கண்முன் வந்து நிற்கும். அவளே மேஸ்திரியிடம் போய்க் கடன் கேட்பாள்.

பிறகு ஊர்க்கூட்டத்திலோ சட்டசபையிலோ யாராவது கேட்டால் எல்லாருடைய வாயிலும் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "நாங்க கட்டாயப்படுத்தல, அவங்களேதான் கேட்டாங்க." உண்மைதான் ஐயா. தண்ணீர் கொடுக்காமல், மறைப்பு கொடுக்காமல், லீவு கொடுக்காமல், கூலியை அறுத்து, கேன்சர் என்று பயமுறுத்தி, நாலாபக்கமும் கதவைச் சாத்திவிட்டு ஒரேயொரு கதவைத் திறந்து வைத்தீர்கள். அவள் அந்த வழியாகப் போனாள். அதற்குப் பெயர் சம்மதம். கையெழுத்து வாங்கி ஃபைலிலும் வைத்திருக்கிறீர்கள். கையெழுத்து என்ன, பெருவிரல் ரேகை.

2019இல் விஷயம் பத்திரிகைகளில் வந்தது. அந்த ஜூனில் மகாராஷ்டிரச் சட்டமன்றத்தில் அப்போதைய சுகாதார அமைச்சர் ஏக்நாத் ஷிண்டே, மூன்று ஆண்டுகளில் பீட் மாவட்டத்தில் மட்டும் 4,605 கர்ப்பப்பைகள் அகற்றப்பட்டன என்று கணக்கு சொன்னார். சட்டமேலவைத் துணைத்தலைவர் நீலம் கோர்ஹே தலைமையில் குழு போட்டார்கள். குழு போய் எண்ணியது. கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஆறு பேருக்கு ஒருத்தி. நாடு முழுவதுக்கும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2015-16இல் சொன்ன விகிதம் 3.2 சதவீதம். அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

ஐந்து மடங்கு வியாதி கரும்பில் இருந்து வராது. அது பேரேட்டில் இருந்து வருகிறது. எண்ணியதற்குப் பிறகும் சீசன் நிற்கவில்லை, லாரி நிற்கவில்லை, அபராதமும் நிற்கவில்லை. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸும் ஃபுல்லர் புராஜெக்ட் என்ற செய்தி நிறுவனமும் இதே வயல்களுக்குப் போய் இதே கதையை மறுபடி எழுதின. அந்தச் சர்க்கரை எந்தெந்தக் குளிர்பானப் பாட்டிலுக்குள் போகிறது என்றும் எழுதின. உலகம் இன்னொரு முறை 'ஐயோ' என்றது. பிறகு ஒரு மடக்குக் குடித்தது.

அட்டை இருந்தால் அறுவை

பீட் மட்டும்தான் கெட்ட ஊர் என்று மற்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். 2008இல் ஏழைகளுக்கு ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா என்று இன்சூரன்ஸ் அட்டை கொடுத்தார்கள். குடும்பத்துக்கு வருஷம் 30,000 ரூபாய் வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு இலவசம். நல்ல திட்டம்தான். அட்டையில் இருக்கும் பணத்தை எப்படி எடுப்பது என்று சில தனியார் ஆஸ்பத்திரிகள் யோசித்தன. காய்ச்சலுக்குப் பெரிதாக எதுவும் தேறாது. ஆனால் கர்ப்பப்பைக்கு பேக்கேஜ் இருந்தது. 2012இல் சத்தீஸ்கரில் அம்பலமானது. பீகாரில் அம்பலமானது. ராஜஸ்தானில் அம்பலமானது. வயிற்றுவலி என்று போனவள் வெறும் வயிற்றோடு திரும்பினாள். அட்டையிலும் காசு இல்லை.

இந்தத் தேவையற்ற அறுவைகளை எதிர்த்து டாக்டர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். தீர்ப்பு 2023 ஏப்ரல் 5 அன்று வந்தது. மத்திய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும், தேவையில்லாமல் கத்தி வைக்கும் ஆஸ்பத்திரிகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. கர்ப்பப்பையை எடுக்க ஓரிரு மணி நேரம் போதும். 'தேவையில்லாமல் எடுக்காதே' என்று சொல்ல நாட்டுக்குப் பத்து வருஷம் பிடித்தது.

இந்த ஆபரேஷனே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. புற்றுநோய்க்கும், மருந்துக்கு அடங்காத உதிரப்போக்குக்கும், பிரசவத்தில் உயிரே போகும் நிலைக்கும் அது உயிர் காக்கும் அறுவை. ஆனால் 2015-16 கணக்கெடுப்பில் அறுவை செய்துகொண்ட பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தனியார் ஆஸ்பத்திரிகளில் செய்துகொண்டவர்கள். அதே கணக்கெடுப்பில் ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுக்குள் இருந்த பெண்களில் 8.9 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. கிருஷ்ணா, கோதாவரித் தண்ணீரில் கர்ப்பப்பையைக் கரைக்கும் கிருமி ஏதும் இருப்பதாக இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பில்லில் வராத உறுப்புகள்

மேஸ்திரிக்கும் டாக்டருக்கும் அமைச்சருக்கும் கணக்கு இத்தோடு முடிந்தது. அவளுக்கு இங்கேதான் தொடங்குகிறது.

கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் அங்கேதான் பெரும்பாலும் சுரக்கிறது. 'இதை வேற எதுக்கு மிச்சம் வைக்கணும்' என்று அவற்றையும் சேர்த்து எடுத்தால் அன்று ராத்திரியே மெனோபாஸ். முப்பது வயதில். இந்தியப் பெண்ணுக்கு இயல்பாகத் தீட்டு நிற்பது சுமார் நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவற்றுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, இயல்பைவிடச் சில வருஷம் முன்னதாகவே அவை ஓய்ந்துபோகின்றன.

ஈஸ்ட்ரோஜன் பிள்ளை பெறுவதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள்தான் அதை இவ்வளவு சுலபமாகத் தூக்கி எறிகிறார்கள். ரத்தக்குழாயின் உள்சுவரை இளக்கமாக வைத்திருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. கெட்ட கொழுப்பை அடக்கி வைக்கிறது. எலும்பில் சுண்ணாம்பைப் பிடித்து வைக்கிறது. அது போனால் கெட்ட கொழுப்பு ஏறும், குழாய் விறைக்கும், ரத்த அழுத்தம் கூடும், இடுப்பில் சதை போடும், எலும்பு தேயும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் 'ஜாமா கார்டியாலஜி' இதழ் வெளியிட்ட கட்டுரை, 45 வயதுக்கு முன் மெனோபாஸ் வந்தவர்களுக்கு இதயக் குழாய் நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் என்றது. 40 வயதுக்கு முன் மெனோபாஸ் வந்திருந்தால் அதை அபாயத்தைக் கூட்டும் காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று 2018இல் அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்களின் கொழுப்பு வழிகாட்டியே எழுதிவிட்டது. இளவயதில் சினைப்பையை இழந்தவளுக்கு, வேறு தடை இல்லையென்றால், இயல்பாகத் தீட்டு நிற்கும் வயது வரைக்கும் ஹார்மோன் கொடுங்கள் என்பதும் மருத்துவப் புத்தகத்தில் உள்ள சங்கதிதான்.

பீட்டில் டிஸ்சார்ஜ் ஆகி வெளியே வந்த பெண்ணிடம் இதை யார் சொல்வது? அவள் கையில் இருக்கும் சீட்டில் மூன்று நாளைக்கு வலி மாத்திரை, ஐந்து நாளைக்கு ஆண்டிபயாடிக். அடியில் ஒரு வரி, 'கனமான பொருள் தூக்கக் கூடாது'. அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மறு சீசனுக்குக் கரும்புக்கட்டைத் தலையில் ஏற்றுகிறாள்.

பத்து வருஷம் கழித்து நெஞ்சு அவளிடம் கணக்குக் கேட்கிறது. பீட் வரைக்கும் போக வேண்டாம், நம்மூரிலேயே எந்தச் சின்ன கிளினிக்கிலும் நடப்பது இது.

"டாக்டரய்யா, படி ஏறுனா மூச்சு வாங்குது. முதுகுல பட்டைக்கு நடுவுல பிடிச்சுக்குது. ராத்திரி நெஞ்சு படபடங்குது."

"வயசு என்னம்மா?"

"நாப்பத்திரெண்டு."

"கேஸ் அது. காரம் சாப்பிடாத. டென்ஷன் ஆகாத."

கர்ப்பப்பை எடுத்திருக்கிறதா, எந்த வயதில், சினைப்பை இருக்கிறதா? மூன்று கேள்வி. கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. கேட்பதில்லை. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆம்பிளை சாய வேண்டும், சினிமாவில் அப்பா நடிகர் சாய்வது மாதிரி. மூச்சுத்திணறலும் அசதியும் தாடைவலியும் முதுகுவலியும் பெண்ணுக்கு மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம் என்பது பாடத்தில் வரும், கிளினிக்கில் வராது. பான்டபிரசோல் எழுதி, வெறும் வயிற்றில் போடச் சொல்லி அனுப்புகிறார்கள். இந்த நாட்டுப் பெண்களை அதிகம் கொல்வது இதய, ரத்தக்குழாய் நோய்கள்தாம். எத்தனை பேர் சட்டைப் பையில் கேஸ் மாத்திரைச் சீட்டோடு செத்தார்கள் என்று எண்ண எந்தக் குழுவும் இல்லை. மன்னிக்கவும், அவர்களுக்குச் சட்டைப் பையே கிடையாது.

ஹார்மோன் பெண்ணுடையது, சோதனை ஆணுக்கு

நம்மூர் டாக்டரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் படித்த பாடத்தை எழுதியவர்களின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு மெனோபாஸ் வரைக்கும் மாரடைப்பு குறைவாக வருகிறது என்று அமெரிக்க மருத்துவ உலகம் கவனித்தது. அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் இதயத்தைக் காக்கிறதா என்று சோதித்துப் பார்ப்போம் என்றது. 1966இல் தொடங்கிய 'கரோனரி டிரக் புராஜெக்ட்' என்ற பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் ஒரு மருந்து. யாருக்குக் கொடுத்தார்கள்? 8,341 பேர் அந்த ஆய்வில். அத்தனை பேரும் ஆண்கள்.

அடித்தொண்டையில் சிரிப்பு வருகிறதா? அடக்கிக்கொள்ளுங்கள், இன்னும் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வாங்கிய அந்த ஆண்களுக்கு உபத்திரவம் அதிகமானது, அந்தப் பகுதியை நடுவில் நிறுத்தினார்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த பிரபலமான இன்னொரு ஆய்வில் 22,071 டாக்டர்கள் கலந்துகொண்டார்கள். அதிலும் ஒரு பெண் டாக்டர் கிடையாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு முதல் பெண் தலைவராக 1991இல் வந்த பெர்னடீன் ஹீலி இந்த அநியாயத்தை வெளிப்படையாக எழுதினார். பெண் தனக்கும் ஆணைப் போலவே இதய நோய் இருக்கிறது என்று நிரூபித்த பிறகுதான் ஆணுக்குக் கிடைக்கும் சிகிச்சை அவளுக்குக் கிடைக்கிறது என்றார். ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தாக வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 1993இல். சந்திரனில் மனிதன் கால் வைத்து 24 வருஷம் கழித்து.

ஆணின் இதயத்தைப் படித்துவிட்டுப் பெண்ணின் இதயத்துக்கு மருந்து எழுதினார்கள். பெண்ணைப் படித்தது கர்ப்பப்பை அளவுக்கு மட்டும்.

புகைக்காதவளின் நுரையீரல்

இதயத்துக்காவது ஒரு ஈ.சி.ஜி. உண்டு. நுரையீரல் இந்தக் கதையில் அனாதை.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாடுகளில் 1,400க்கும் மேற்பட்ட பெண்களை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்து 2017இல் ஒரு முடிவு சொன்னார்கள். மெனோபாஸுக்குப் பிறகு நுரையீரலின் கொள்ளளவு வயதால் குறைவதைவிட வேகமாகக் குறைகிறது. அந்தக் குறைவு, நாளுக்கு 20 சிகரெட் வீதம் பத்து வருஷம் புகைத்ததற்குச் சமம். சிகரெட்டைத் தொடாதவளுக்கும் இதுதான். இதை நாற்பத்தெட்டு வயதில் சந்திப்பது ஒன்று. முப்பதிலேயே தீட்டை நிறுத்திவிட்டு, தார்ப்பாய்க் கூடாரத்தில் கரும்புச் சோகையையும் விறகையும் எரித்து ரொட்டி சுடுகிறவளுக்கு அது எப்படி இருக்கும்? அவளுக்கென்று ஒரு ஆய்வு யாரும் நடத்தவில்லை என்றால் ஆச்சரியமில்லை. நார்வேயில் கரும்பு விளையாது.

அடுப்புப் புகையில் பெண்கள் சாகக் கூடாது என்று 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். வீட்டுப் புகையால் உலகம் முழுவதும் 2020இல் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நல்ல நோக்கம், யார் மறுப்பார்கள்? இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019இல் கணக்குப் பார்த்தபோது உஜ்வலா பயனாளிகள் வருஷத்துக்கு நிரப்பிய சிலிண்டர் சராசரியாக 3.21. சிலிண்டர் வீட்டு மூலையில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது, விறகுதான் எரிகிறது. பெட்ரோல் பங்க் விளம்பரத்தில் மட்டும் அந்தப் பெண் புகையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊரையே விட்டுக் கரும்புக் காட்டுக்குப் போகிறவள் அந்தச் சிலிண்டரைத் தலையில் தூக்கிக்கொண்டா போவாள்? தலையில்தான் ஏற்கெனவே கரும்பு இருக்கிறதே.

மூச்சு முட்டுகிறது என்று ஆண் போனால் "பீடி உண்டா?" என்று டாக்டர் கேட்பார். பெண் போனால் "எந்த அடுப்பு?" என்று கேட்பதில்லை. குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்புவதும் இல்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பீடிக்காரனின் வியாதி என்று முடிவு கட்டியாகிவிட்டது. அடுப்பூதியவளுக்கு அந்தப் பட்டம்கூடக் கிடையாது. "மூச்சு வாங்கறதா? எடையக் குறைங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

நாற்பத்தொன்பது வரைக்கும் குடிமகள்

இந்த நாட்டு அரசுகளுக்குப் பெண்கள் மேல் பாசம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். பாசம் பொங்கி வழிகிறது. கல்யாணத்துக்குத் தாலிக்குத் தங்கம் தருகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பணம் தருகிறார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தால் ஆஷா பணியாளருக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். பிறகு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு மேசை தயார். 2019-21 கணக்கெடுப்பில் பெண்களுக்குச் செய்த கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண்களுக்குச் செய்தது 0.3 சதவீதம். ஆணின் உடம்பு அவ்வளவு பூப்போன்றது.

அந்தக் கணக்கெடுப்பே பெண்களை 15 வயதிலிருந்து 49 வரைக்கும்தான் கேள்வி கேட்கிறது. ஐம்பதாவது பிறந்தநாளில் அவள் படிவத்தை விட்டு வெளியேறிவிடுகிறாள். கர்ப்பப்பை வேலை செய்யும் வரைக்கும் அவளைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே ஆள் வருகிறது. அதன் பிறகு அவளுக்கு என்ன ஆனது என்பது அவளுக்கும் கடவுளுக்கும் உள்ள விவகாரம். முப்பதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அந்தத் தேடலும் அன்றோடு முடிந்தது. அரசின் கண்ணில் அவள் முப்பதிலேயே ஐம்பது.

நாம் மராட்டியத்தைப் பார்த்து உச்சுக்கொட்டுவதற்கு முன் நம்மூர் மில்லையும் எட்டிப் பார்க்கலாம். பீட் செய்தி வந்த அதே 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசியது. மாதவிலக்கு வலி என்றால் சூப்பர்வைசர் மாத்திரை கொடுக்கிறார். அட்டை கிடையாது, பெயர் கிடையாது, டாக்டர் சீட்டும் கிடையாது. வாயில் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார வேண்டியதுதான். நாம் ரொம்ப முன்னேறிய மாநிலம், கத்தி வரைக்கும் போகவில்லை. டார்கெட் முடிந்தால் போதும் என்பதில் மட்டும் மேஸ்திரிக்கும் சூப்பர்வைசருக்கும் மொழி பேதம் இல்லை.

எடைமேடைப் பக்கத்தில்

அளக்கத் தெரியாத அரசு இல்லை இது. 2024-25 சீசனுக்கு மத்திய அரசு ஒரு குவிண்டால் கரும்புக்கு நிர்ணயித்த விலை 340 ரூபாய். கரும்பில் தேறும் சர்க்கரை 10.25 சதவீதம் இருந்தால் அந்த விலை. அதற்கு மேல் ஒவ்வொரு 0.1க்கும் விலை கூடும், குறைந்தால் குறையும். ஒரு கரும்பின் சாற்றில் எத்தனை சர்க்கரை என்று தசமப் புள்ளிக்கு அளக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் கரும்பை வெட்டியவளின் ரத்தம் எந்த அழுத்தத்தில் ஓடுகிறது என்று அளக்கத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவது? அளந்தால் பில் வரும். அதனால் அளப்பதில்லை.

வழிகாட்டு நெறிமுறை இருக்கிறது, உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, கண்காணிப்புக் குழுக்களும் காகிதத்தில் இருக்கின்றன. நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பை எடுத்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் மாவட்டத்தில் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். எடுத்தவர் யார், ஏன் எடுத்தார், சினைப்பை இருக்கிறதா என்று அதில் எழுதட்டும். வருஷத்துக்கு ஒருமுறை அவளுக்கு பி.பி., சர்க்கரை, கொழுப்பு, மூச்சு நான்கையும் பாருங்கள், ஹார்மோன் தேவையா என்று ஒரு மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். நாளைக்கு அவளுக்கு மாரடைப்பு வந்தால் அந்தச் செலவில் ஆலைக்கும் மேஸ்திரிக்கும் அறுத்த ஆஸ்பத்திரிக்கும் பங்கு போடுங்கள். முதல் பில் ஆலை முதலாளி கைக்குப் போன மறுநாளே வயலோரத்தில் கக்கூஸ் முளைக்கும், அபராதம் மறையும், கர்ப்பப்பைகள் அதிசயமாக ஆரோக்கியமாகிவிடும்.

இத்தனையும் உடனே முடியாது, நிதி இல்லை என்பீர்கள். சரி, ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு ஆலை வாசலிலும் கரும்பு லாரிக்கு எடைமேடை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு மேசையும் ஒரு பி.பி. மிஷினும் வையுங்கள். மிஷின் விலை சுமார் ஆயிரத்தைந்நூறு ரூபாய். பட்ஜெட் வேண்டாம், டெண்டர் வேண்டாம், உலக வங்கியும் வேண்டாம். ஒரே ஒரு பெண்ணிடம் ஒரு மாதத் தீட்டுக்காக நீங்கள் பிடித்துக்கொண்ட அபராதம் போதும்.